கடைசி சீட்டில் ஐந்து பேர்

"பேரெல்லாம் வேணாம்பா. ஏ, பி, சி-ன்னே கேளுங்க" என்று கெஞ்சினாள் பிரேமினி.

கணேசமூர்த்தி கேட்கிற மாதிரி இல்லை. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்காக மகள் வாங்கி வந்திருந்த புதிர்ப் புத்தகத்தைக் காலையிலிருந்து புரட்டிப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. ஏ-க்குப் பக்கத்தில் பி உட்காராது, சி வந்தால் டி வராது என்று பக்கத்துக்குப் பக்கம் எழுத்துகள் முறுக்கிக்கொண்டு நின்றன. எழுத்துக்கும் எழுத்துக்கும் அப்படி என்ன பகை என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கண்டாக்கு, வேலையாட்களுக்கு மேற்பார்வை. தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, எந்த நிரையில் யார் கொழுந்து பறிப்பது என்று ஆட்களைப் பிரித்துவிடுகிறவர். குழாயடியில் சண்டை போட்ட இரண்டு பேரைப் பக்கத்துப் பக்கத்து நிரையில் விட்டால் அன்றைக்குக் கூடையில் கொழுந்து சேராது, வம்புதான் சேரும். இதையெல்லாம் இத்தனை காலம் சமாளித்தவருக்கு இந்தப் பரீட்சை ஒன்றும் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஒரு பேர் வைத்துவிட்டால் எல்லாம் தன்னால் வழிக்கு வந்துவிடும் என்பது அவர் கட்சி.

ஆனால் இன்றைய கேள்வி விளையாட்டு இல்லை. ராகலையிலிருந்து பிரேமினிக்கு ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், வங்கியில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு படிப்பு கிடிப்பு என்று பேசக்கூடாது என்பது மட்டும்தான் அவர்களுடைய நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரலாமா என்பதற்கு இன்று மாலைக்குள் பதில் வேண்டுமாம். பிரேமினி அழுதாள், சாப்பிடாமல் முரண்டு பிடித்தாள். கடைசியில் கணேசமூர்த்தியே ஒரு வழி சொன்னார். அவர் ஒரு புதிர் போடுவார். பேனாவைத் தொடாமல் வாயாலேயே சரியான விடை சொன்னால், பரீட்சை முடியும்வரை காத்திருக்கும்படி ராகலைக்குப் பதில் போகும். தப்பாகச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை சேலை கட்டிக்கொண்டு தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்க வேண்டியதுதான்.

மகள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் அவர் உள்ளுக்குள் ஆசைப்பட்டார். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்தில் வாதாடுகிற பிரேமினியை அவர் எத்தனையோ தடவை மனதுக்குள் பார்த்துவிட்டார். அதற்காகக் கண்டாக்கு போடுகிற புதிர் லேசாக இருந்தால் மரியாதை என்ன ஆவது?

ஹட்டன் வகுப்பில் மகளோடு படிக்கிற நாலு பேரையும் பக்கத்து வீட்டு அழகம்மாவையும் சேர்த்துப் பிடித்து ஒரு பஸ்ஸில் ஏற்றினார். எழுத்துகளே போதுமே என்று பிரேமினி மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"எழுத்து பஸ்ல போகாது புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் புதிரை ஆரம்பித்தார்.

பஸ்ஸின் கடைசி நீள சீட்டில் ஐந்து பேரும் வரிசையாக உட்கார வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஜன்னல். முதலில் ஏறிய லோஜன் இடது ஜன்னலைப் பிடித்துவிட்டான். அழகம்மாவுக்குப் பனிக்காற்று ஆகாது, ஜன்னலோரம் அவளுக்கு வேண்டாம். அவளுடைய கோழி மேல் லோஜன் மோட்டார் சைக்கிளை ஏற்றிவிட்டதால் அவன் பக்கத்திலும் உட்கார மாட்டாள். ஜெயந்தினியும் கிஷாந்தும் ஒட்டித்தான் உட்காருவார்கள், அதிலும் ஜெயந்தினி இடப்பக்கம். வளைவுகளில் வெளியே பார்த்தால் கிஷாந்துக்குத் தலைசுற்றும், அவனுக்கும் ஜன்னல் கூடாது. ஐந்தாவது ஆள் ஜூட்சன். அவன் பாவம், எங்கே உட்காரச் சொன்னாலும் உட்காருவான்.

பிரேமினி கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் மட்டும் அசைந்தன. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா மீனம்மாவும் மகளின் பதிலைக் கேட்கத் துருவுவதை நிறுத்திவிட்டாள்.

"லோஜன் இடது ஜன்னல்ல இருக்கான். அழகம்மா அக்கா அவன் பக்கத்துலயும் இல்ல, வலது ஜன்னல்லயும் இல்ல. அவங்க நடுவுல உக்காந்தா ஜெயந்தினியும் கிஷாந்தும் வலது பக்கம் போகணும், கிஷாந்துக்கு ஜன்னல் வந்துரும். அதனால அக்கா நாலாவது. ஜெயந்தினி ரெண்டாவது, கிஷாந்த் நடுவுல."

"அப்ப வலது ஜன்னல்ல யாரு?"

"அதுல அவங்க."

"எவங்க?"

"அதாம்பா, மிச்சம் இருக்கவங்க."

கணேசமூர்த்தி தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். எல்லாரையும் சரியான இடத்தில் வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தானே. இவள் சட்டக் கல்லூரிக்குப் போகாமல் வேறு யார் போவது? பூரிப்பில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தொலைபேசியை எடுத்து ராகலைக்கு அடித்தார்.

மணி போய்க்கொண்டிருக்கும்போதே மீனம்மா குசினியிலிருந்து வந்து நின்றாள்.

"அவங்கள காத்திருக்கச் சொல்லாதீங்க. வேற பொண்ணு பாத்துக்கச் சொல்லிருங்க."

கணக்கு சரியாகத்தானே வந்திருக்கிறது, பெண் ஜெயித்த பிறகு இது என்ன பேச்சு என்று அவர் எரிந்து விழுந்தார்.

"கணக்கு சரிதாங்க" என்றாள் மீனம்மா. "நாலு பேரு பேர சொன்னவ அஞ்சாவது பேர மட்டும் ஏன் முழுங்குனா? கழுத்துல தாலி ஏறுன நாள்ல இருந்து ஒங்க பேர நான் வாயால சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

தொலைபேசியில் ராகலைக்காரர் ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார். மீனம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கல்யாணப் பதிவுக் கந்தோர்லடி கையெழுத்து வச்சீங்க?"

"நுவரெலியாவுலம்மா" என்றாள் பிரேமினி. "போன மாசம்."