ஆறு மணி மீட்டிங்

முந்நூற்றுப் பன்னிரண்டாவது பதிலை அவள் இரண்டாம் முறை படித்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி எல்லோரிடமும் இரண்டே கேள்விகள் கேட்கும். இங்கே உங்களுக்குப் பிடித்தது என்ன? பிடிக்காதது என்ன?

பெயர் போட வேண்டாம். எந்த மாடி, எந்தப் பிரிவு, எத்தனை வருடமாக வேலை. அவ்வளவு போதும்.

வந்த பதில்களைத் தரம் பிரித்து அடுக்குவது மனிதவளப் பிரிவில் அவளுடைய வேலை. சாப்பாடு, சம்பளம், மேனேஜர், ஏ.சி., லிஃப்ட். காலையிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

பிடித்தது: வெள்ளிக்கிழமை பிரியாணி. பிடிக்காதது: மற்ற நாட்கள்.

பிடித்தது: ஏ.சி. பிடிக்காதது: ஏ.சி.

பிடித்தது: என் மேனேஜர் லீவு போடும் நாள்.

பிறகு இது.

பிடித்தது: ஆறிலிருந்து ஏழு வரை. வீட்டில் மீட்டிங் என்று சொல்லிவிடுவேன். மீட்டிங் எதுவும் கிடையாது. கண்ணாடி ஓரம் உட்கார்ந்து, சதுப்பு நிலத்தில் கொக்குகள் வந்து இறங்குவதைப் பார்ப்பேன். அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

பிடிக்காதது: ஏழு மணிக்கு லிஃப்ட் சீக்கிரம் வந்துவிடுகிறது.

ஏழாவது மாடி. டெஸ்ட்டிங். பதினான்கு வருடம்.

எழுதியது யாரென்று தேடக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

தேட வேண்டியிருக்கவில்லை. அந்த மாடியில் பதினான்கு வருடக்காரன் ஒருவன்தான் இருக்கிறான். ஆறாவது வருடத்தில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான்.

பக்கத்து நாற்காலியிலிருந்து பெனசிர் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அய்யோ, யாருக்கா இது? லிஃப்ட் லேட்டா வருதுன்னு நாப்பத்தோரு பேர் திட்டியிருக்காங்க. சீக்கிரம் வருதுன்னு திட்டின ஒரே ஆத்மா!"

அவள் திரையைச் சற்றுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இத ஸ்லைடுல போடலாம்க்கா. பெரிய மீட்டிங்ல காட்டினா செம்மையா சிரிப்பாங்க. பாவம், வீட்ல என்ன பாடு படறாரோ."

"வேணாம்."

"அப்ப எதுல சேர்க்கறது?"

"லிஃப்ட்ல சேர்த்துடு."

பெனசிர் சேர்த்தாள். நாற்பத்திரண்டு.

சரியாக ஆறு மணிக்கு அவள் போன் அதிர்ந்தது.

மீட்டிங். நீ கிளம்பு.

தினமும் வருவதுதான். தினமும் அவள் பதில் அனுப்புவாள். இன்று விரல் எழுத்துகளின் மேல் நின்றுவிட்டது.

பழைய செய்திகளை மேலே தள்ளிக்கொண்டு போனாள்.

கேஸ் புக் பண்ணியா? பாப்பாவுக்கு சார்ட் வாங்கினியா? அம்மாவோட மாத்திரை? எத்தனை மணிக்கு வருவே? ஏன் போன் எடுக்கல?

இந்தப் பக்கம் முழுக்க அவள். அந்தப் பக்கம் ஒரு ம். இன்னொரு ம். எப்போதாவது, ஏழரை.

எழுந்தாள்.

மூன்று மாடி. படியிலேயே ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எத்தனை நாளாக? நான் என்ன செய்தேன்? என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

ஏழாவது மாடியில் பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள்.

கோடியில் அவன் இருந்தான். முதுகு மட்டும் தெரிந்தது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு காலை மடித்து நாற்காலியின் மேல் வைத்திருந்தான். கையில் போன் இல்லை. காபி இல்லை. கண்ணாடிக்கு அப்பால் வானம் சிவந்திருந்தது. வெள்ளையாய் ஏதோ ஒன்று தண்ணீர்ப் பக்கம் தாழ்ந்தது. அவன் தலையும் அதன் கூடவே மெல்லத் தாழ்ந்தது.

எட்டு வருடத்தில் அவன் இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

இன்னும் பத்து அடி வைத்தால் தோளைத் தொட்டுவிடலாம்.

கையிலிருந்த போன் மறுபடி அதிர்ந்தது. மாமியார்.

சட்டென்று பின்வாங்கி, படிக்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அருளாளன் எங்கம்மா? மூணு தடவ அடிச்சிட்டேன். எடுக்கவே மாட்டேங்கறான்."

கதவின் சின்னக் கண்ணாடிச் சதுரத்தில் அந்த முதுகு தெரிந்தது. அசையவில்லை.

"மீட்டிங்ல இருக்காரு அத்தை. ஏழு ஆகிடும்."

"தெனமும் என்னதான் மீட்டிங்கோ. சரி, நீ கிளம்பிட்டியா?"



"இல்ல அத்தை. எனக்கும் மீட்டிங்."

"உனக்குமா? அப்ப பாட்டு கிளாஸ்லேர்ந்து பாப்பாவ யாரு கூட்டிட்டு வர்றது?"

"இன்னிக்கி மாமா போகட்டும் அத்தை. ரெண்டு தெரு தானே."

"அவரா? சீரியல் ஓடிட்டிருக்கே." மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி, சரி. கெளப்பி விடறேன். நடந்தா சுகர் குறையும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

போனை வைத்தாள்.

சதுரத்தின் வழியாக இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் படியிறங்கினாள்.

நான்காவது மாடியில் பெனசிர் கிளம்பிப் போயிருந்தாள். அங்கேயும் ஒரு கண்ணாடி உண்டு. அது வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தது.

நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கீழே ஒரு சிவப்புக் கார் பின்னோக்கி வந்தது. நின்றது. வளைந்து முன்னே போனது.

அது கேட்டைத் தாண்டும்வரை பார்த்தாள்.

பிறகு அடுத்த காருக்காகக் காத்திருந்தாள்.