மேசைமேல் சாவி

ஐரோப்பாவிலேயே மூடநம்பிக்கை அறவே இல்லாத ஒரே மனிதன் மெல்கர்தான். இதை அவனே சொல்கிறான். சுவீடனின் வடபகுதியில், உறைந்த ஏரிக்கரை மரக்குடிலில் அவன் இருக்கும் மாணவர் அணி ஜன்னலோரம் நெருக்கியடித்து நிற்கிறது. வெளியே, பனிமேல் சாய்ந்து விழும் வெயிலில் அவர்களுடைய ராக்கெட். முந்தைய இரண்டும் விழுந்து நொறுங்கின. இதுவும் விழுந்தால் பட்டறையை மூடிவிடுவதாகக் கல்லூரி சொல்லிவிட்டது. பதிலுக்கு இவர்கள், போன ராக்கெட்டின் நசுங்கிய மூக்கையே தட்டி நிமிர்த்தி இதற்கு மாட்டியிருக்கிறார்கள். "டேய், மேசைமேல சாவி வைக்காதடா, ஆகாது! எங்கம்மா பாத்தா அலறுவாங்க" என்கிறாள் அணித்தலைவி தூவா. "வைப்பேன். ராக்கெட் என்ன, உங்கம்மாவக் கேட்டா பறக்குது?" மெல்கர் தன் கார் சாவியை மேசையின் நட்டநடுவில் தள்ளி வைக்கிறான். தூவா பத்திலிருந்து இறங்குமுகமாக எண்ணுகிறாள். "மூணு" என்னும்போது, கண் ராக்கெட்டைவிட்டு நகராமலே, மெல்கரின் கை மேசைமேல் ஊர்ந்து, சாவியைக் கிலுங்காமல் பொத்தி எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போடுகிறது.