பெயர் நிரல்

கதவைச் சாத்திவிட்டு வந்த ஹலீம், நான்காக மடித்திருந்த தாளொன்றை மங்களேஸ்வரியின் மேசையில் விரித்து வைத்தான். அதன் ஓரம் கருகியிருந்தது.

"இது உங்கடதானே மிஸ்?"

2018 மார்ச், முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தின் நான்காம் நாள். ஊரடங்கைத் தளர்த்திய சில மணித்தியாலங்களுக்குள், கண்டியிலிருந்த அந்த ஆய்வு நிறுவனத்துக்கு வந்திருந்தவர்கள் அவர்கள் இருவர் மட்டும்தான். ஹலீம் கீழ்மாடியில் பொருளியல் பிரிவில் வேலை பார்ப்பவன். தெல்தெனியவில் அவனுடைய வாப்பாவின் கடை எரிந்ததையும், நெருப்புக்குள் போன வாப்பா இரண்டு கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடப்பதையும் அவள் முதல்நாளே கேள்விப்பட்டிருந்தாள். ஆறுதல் சொல்ல எழுந்தவளை, ஒன்றும் பேச வேண்டாம் என்று கைகாட்டி உட்காரவைத்தான்.

தாளில் ஓர் அட்டவணை இருந்தது. கடை, வீதி, உரிமையாளர் பெயர். பாதையை அகலமாக்கினால் சின்னக் கடைகளுக்கு என்ன நடக்கும் என்று அவள் இரண்டு வருடம் அலைந்து செய்த ஆய்விலிருந்து எடுத்தது.

அந்த ஆய்வை அவள் கணினி நோட்புக்காக இணையத்தில் போட்டிருந்தாள். விளக்கம், கணக்கு, வரைபடம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். யாராவது அதைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் முழுக் கணக்கும் அவர்கள் கண்முன்னே மறுபடி ஓடும். ஒளிவுமறைவு இல்லாத வேலை என்று அவளுக்கு அதில் பெருமை.

இப்போது பதினாறு பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் புள்ளடி போட்டிருந்தது. பதினாறும் முஸ்லிம் பெயர்கள்.

"எரிஞ்ச கடைக்கு முன்னுக்குக் கிடந்திச்சு" என்றான் ஹலீம். "வாப்பாட கடைக்கு சமன் ஸ்டோர்ஸ் எண்டுதான் பேர். போர்ட்டும் சிங்களத்துலதான். வெளியூர்ல இருந்து வந்தவனுக்கு அது ஸெய்னுலாப்தீன்ட கடை எண்டு எப்படித் தெரியும்?"

இது வேறு எங்கிருந்தாவது எடுத்ததாக இருக்கலாம் என்றாள் அவள். அப்படியென்றால் தன் முன்னால் ஓட்டிக் காட்டும்படி அவன் சொன்னான்.

இணையத்தை முடக்கியிருந்தார்கள். ஆனால் அவளுடைய மடிக்கணினியில் பிரதி இருந்தது. பொத்தானை அழுத்தினாள். பகுதி பகுதியாகக் கணக்கு ஓடி, கடைசியில் அட்டவணை வந்து நின்றது. ஹலீம் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். அதே வரிசை, அதே பெயர்கள். ஜவாஹிர் என்பதை அவள் எழுத்துப்பிழையோடு அடித்திருந்தது கூட அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவன் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினான். படித்தவர்களுக்கு ஊரின் நிலைமை தெரியாதா என்று கேட்டான். முதலில் வெறும் இலக்கங்கள் இருந்த இடத்தில் எதற்காகப் பெயர்களைக் கொண்டுவந்து போட்டீர்கள், பதவி உயர்வு அவ்வளவு அவசரமா என்று கேட்டான். பள்ளிவாசலுக்கும் பத்திரிகைக்கும் அவள் பெயரைக் கொடுக்கப் போவதாகவும் சொன்னான்.

"நான் வேணுமெண்டு செய்வனே ஹலீம்?" என்றாள் அவள். "எண்பத்திமூண்டுக் கலவரத்தில எங்கட வீட்டையும் வாக்காளர் இடாப்பைப் பாத்துத்தான் எரிச்சவை. எனக்கு அப்ப ஒன்பது வயசு."

"அப்ப மத்த எல்லாரையும் விட உங்களுக்குத்தானே தெரிஞ்சிருக்கணும்."

அவளுக்கு முகம் குப்பென்று சிவந்தது. இதுவரை பயத்தில் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். கணினியில் சேமித்து வைத்திருந்த பழைய கடிதம் ஒன்றைத் தேடித் திறந்து, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"நான் முதல் பேர் இல்லாம, வெறும் இலக்கம் போட்டுத்தான் சஞ்சிகைக்கு அனுப்பினனான். சஞ்சிகை ஆசிரியரும், அவர் பிடிச்ச ரெண்டு மதிப்பாய்வாளரும் தவிர அந்தப் பிரதியை ஒருத்தரும் பாக்கேல்லை. அதில ஒராள்தான் இப்பிடி எழுதினது. வாசியுங்கோ."

பெயர்கள் இல்லாவிட்டால் ஒரே கடையை இரண்டு தரம் எண்ணியிருக்கிறதா என்று சரிபார்க்க முடியாது. உரிமையாளர் பெயர் நிரலையும் சேர்த்து முழுத் தரவையும் பகிரங்கமாக இணைத்தால் அன்றி இந்த ஆய்வை ஏற்கப் பரிந்துரைக்க மாட்டேன் என்று கடிதம் சொன்னது. வழக்கப்படி, கீழே எழுதியவரின் பெயர் இல்லை.

இரண்டு தரம் மறுத்துப் பார்த்ததாகவும், ஆசிரியர் இறங்கி வராததால்தான் பெயர்களைச் சேர்த்ததாகவும் அவள் சொன்னாள். ஆளைத் தெரிந்தால் அவளே கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு முன்னால் நிறுத்துவாளாம்.

ஹலீம் திரையைப் பார்க்கவேயில்லை. கதிரையை இழுத்து, அதன் நுனியில் மெல்ல உட்கார்ந்தான்.

"அத எழுதினது நான்தான்."