லண்டன்–பாரிஸ் ஒரு மணி நேரம்

கூடலூரில் ஆள் நிறையாமல் ஜீப் நகராது. குமுளியில் தங்கச்சி மகளுக்கு முகூர்த்தம் நெருங்க, தாய்மாமன் மொக்கைச்சாமி சீர்த்தட்டோடு ஜீப்புக்குள் வெந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கோட்டு போட்டவர் சிரித்தார்.

"லண்டன்ல இருந்து பாரிஸுக்கு இருநூறு மைலுக்கு மேல. பிளேன்ல ஒரு மணி நேரந்தான். காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எறக்கி விட்டுருவாக."

"நீங்க போயிருக்கீகளா?"

"மாசத்துக்கு ரெண்டு தடவை."

வாய் பிளந்து கேட்டதில் மொக்கைச்சாமிக்கு முகூர்த்தமே மறந்துபோயிற்று. ஒருவழியாக ஜீப் நிறைந்தது. கோட்டுக்காரர் இறங்கினார்.

"ஏலே, அவரு வரலையா?"

"அவரு நம்ம சம்பள ஆளு மாமா," என்றான் டிரைவர். "காலி ஜீப்புல எவன் ஏறுவான்?"

பின்னால் நின்ற காலி ஜீப்பில் கோட்டுக்காரர் ஏறி உட்கார, விமானம் மறுபடியும் லண்டனிலிருந்து கிளம்பியது.