அம்மாவிடம் கேட்ட அத்தாட்சி

“நீ பட்டாளத்தை விட்டு ஓடி வந்ததுக்காக ஊர்ல உன் குடும்பத்தைத் தொந்தரவு பண்ணாங்களா? அத்தாட்சி இருந்தா உன் அகதி மனு நிக்கும்” என்றார் கெய்ரோவில் ஹப்தோமின் வக்கீல்.

அன்று மாலையே ஹப்தோம் எரித்திரியாவில் இருந்த அம்மாவுக்குப் போன் போட்டான்.

“அம்மா, யாராவது வந்து மிரட்டினாங்களா?”

“ஒருத்தரும் வரலைப்பா. நாங்க நல்லாத்தான் இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடு.”

“வந்தாங்க, மிரட்டினாங்கன்னு ஒரு கடுதாசியாவது எழுதிக் குடும்மா.”

“நடக்காததை எப்படிப்பா எழுதறது?”

“திருப்பி அனுப்பினா என்னை உயிரோட விடமாட்டாங்க. பெத்த பிள்ளைக்காக ஒரு பொய் சொல்ல முடியலை, நீயெல்லாம் ஒரு அம்மாவா!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தான்.

மறுநாள் அக்கா அப்ரகெத் கூப்பிட்டாள்.

“அம்மாவை என்னடா சொன்னே? நேத்திலேருந்து ஒரு வாய் சாப்பிடலை.”

“நீயாவது அந்தக் கடுதாசியை எழுதிக் குடு, அக்கா.”

“எழுதறேன். ஆனா பொய் ஒண்ணும் எழுத வேண்டியதில்லை. நீ ஓடின மறுவாரமே அம்மாவைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. பதினோரு மாசம் ஜெயில். சித்தி வீட்டுல இருக்காங்கன்னு உன்கிட்ட சொன்னோமே, அப்பதான். தெரிஞ்சா நீ திரும்பி வந்துடுவேன்னு அம்மாதான் எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”



“தேதியெல்லாம் போடணுமாடா?” என்று கேட்டாள் அக்கா.