முறைக்காரி

நாலாவதாக வந்தவனும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "உங்க வலி எனக்குப் புரியுது" என்றான்.

மூலையில் உட்கார்ந்து மனநல ஆலோசனை மாணவர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த மேவிஸுக்குக் கொட்டாவி வந்தது. ஓணான்கள். தலையாட்டுவதற்கு மட்டும் ஒரு வருடம் படித்துவிட்டு வந்திருக்கின்றன.

ஒத்துணர்வுக்கு ஐந்துக்கு ஒன்று போட்டாள். அந்த ஒன்றும் நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்துப் போட்டதற்கு.

எதிரே ஜேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியைப் புதைத்ததிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை, பிள்ளைகளிடம்கூட. சாப்பாடும் நின்றுபோயிருந்தது. பேச வைப்பது தேர்வுக்கு வந்த பிள்ளைகளானாலும் சரி என்று, அவருடைய அக்காதான் அவரை லுசாகா ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்திருந்தாள்.

கடைசியாக வந்தவள் உட்காரவே இல்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜேரேவா? இங்கோனி! எலி தின்னிக்கு இவ்வளவு பெரிய நாற்காலியா? இந்த மூஞ்சியோட இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்காளே, உன் பொண்டாட்டி நேரா சொர்க்கத்துக்குத்தான் போயிருப்பா."

மேவிஸின் பேனா நின்றது.

ஜேரே மெல்லத் திரும்பினார். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். முசோண்டா, பெம்பாப் பெயர்.

"பெம்பாக்காரியா?" குரல் துருப்பிடித்திருந்தது. "குரங்கு தின்னிக்கு ஆஸ்பத்திரியில என்னடி வேலை? போய் மரத்துல உக்காரு."

பெம்பா, இங்கோனி என்ற இரண்டு இனத்தாரும் ஒருவரையொருவர் கேலி பேச உரிமையுள்ள முறைக்காரர்கள். இழவு வீட்டில் முறைக்காரர் வந்து செத்தவரையும் இருப்பவரையும் ஏசித் தீர்த்தால்தான் நெஞ்சில் அடைத்தது இறங்கும். வேற்றாள் அப்படிப் பேசினால் உதைதான்.

ஜேரே சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

"ஒரு நாளாவது உப்பு சரியாப் போட்டிருப்பாளா அவ?" என்று தொடங்கியவர், அழுதுகொண்டே வெகுநேரம் பேசினார்.

அவர் எழுந்து வெளியே போனதும் மேவிஸ் ஐந்து போட்டாள். அவள் கையால் ஐந்து விழுவது இதுதான் முதல்முறை.

"நீங்க பெம்பாதானே, கசாமா பக்கமா?"

முசோண்டா நெளிந்தாள். "இல்லை மேடம். முசோண்டா என் வீட்டுக்காரர் பேரு. நான் மோங்கு பக்கத்து லோசி இனம். ஜேரே ஐயாவுக்கு ஒரு முறைக்காரி வேணும்னு தோணுச்சு. ரூம்ல பெம்பா யாரும் இருந்த மாதிரி தெரியலை. அதான் நானே..."

இவளும் நடிப்புதான். அந்த ஓணான்களைவிடப் பெரிய நடிப்பு. மேவிஸ் ஐந்தை அடிக்கப் பேனாவை எடுத்தாள்.

கதவு திறந்தது. ஜேரே தலையை மட்டும் நீட்டினார். கையில் அக்கா வாங்கித் தந்த ரொட்டி, பாதி கடித்தது.

"அந்தக் குரங்கு தின்னி அடுத்த வாரமும் வருவாளா மேடம்?"

"வருவா."

அவர் போகவில்லை. முகத்தில் குறும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. "நீங்க எந்தப் பக்கம்?"

காலையிலிருந்து அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள், கசாமாவில் பிறந்து வளர்ந்த பெம்பாக்காரியான மேவிஸ்.

"லுசாகாதான்" என்றாள், பேனாவை மூடியபடி.