பதினொரு இடைவெளி

"இதுவா, அதுக்குப் பக்கத்துலயா?"

தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, அக்கா கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். அந்தச் சுரத்தை அழித்துவிட்டு, பக்கத்துக் கட்டையை அழுத்தினாள்.

"இதான்."

கீபோர்டின் சின்னத் திரையில் சுரக் கணக்கு ஒன்பது பத்தானது.

மூன்றாவது வீட்டு அக்கா. சித்தாள் வேலை. சிமெண்ட் தின்ற விரல். ஒன்றை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து கத்தும். அதனால்தான் என் கீபோர்டை 'ஸ்டெப்'பில் போட்டுக் கொடுத்தேன். ஒரு சுரம் அழுத்தினால் மெஷின் அதை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்ததற்குக் காத்து நிற்கும். மேஸ்திரி மாதிரி விரட்டாது.

அவள் வீட்டுக்காரர் கல் உடைக்கும் ஆலையில், தூசிக்குள் வேலை பார்த்தவர். போய்ச் சேர்ந்து இருபத்தொரு நாள் ஆகிறது.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மெட்டு முனகுவார். வார்த்தை கிடையாது. அது இல்லாமல் அந்த மூன்று வயசு தூங்க மாட்டேன் என்கிறது. அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது.

"நான் பாடுனா இன்னும் அழுவுது தம்பி. என் குரலு மண்வெட்டியக் கல்லுல இழுத்த மாதிரி."

நாளையிலிருந்து அவள் வேலைக்குப் போயாக வேண்டும். குழந்தை பெரியம்மாவிடம் இருக்கும். மெட்டு போனில் இருந்தால் போட்டுத் தூங்க வைக்கலாம். ஆனால் அவர் முனகியதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அக்காவின் காதில் மட்டும்தான் இருக்கிறது.

மெட்டில் சத்தமில்லாத இடத்துக்கு எந்தப் பொத்தான் என்று காட்டினேன்.

"சும்மா இருக்கறதுக்கும் ஒரு பட்டனா? எங்க மேஸ்திரி பாத்தா பிடுங்கிப் போட்டுருவான்."

அந்தப் பொத்தானைத்தான் அவள் கண்ட இடத்தில் அழுத்தினாள். நாலாவது சுரத்துக்கு அப்புறம் ஒரு காலி. ஒரு நல்ல இழுப்பின் நடுவில், வெட்டிப் போட்டது மாதிரி, நீளமாக இன்னொன்று. தாளம் நொண்டியது. கச்சேரிக்கு வாசிக்கிறவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடித்துவிட்டு, குழந்தையைத் தூக்கிவரப் போனாள்.

பாவம், தெரியாமல் அழுத்திவிட்டாள் என்று நினைத்தேன். பதினொரு இடைவெளியையும் அழித்தேன். மெட்டு வழுவழுவென்று ஓடியது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். போட்டுக் காட்டினேன்.

குழந்தை நிமிர்ந்து கீபோர்டைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது.

அக்கா திட்டவில்லை.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. சீக்கில்லாத ஆளு பாடுற மாதிரி இருக்கு. நான் போட்டதையே போடு."

அவள் சொல்லச் சொல்ல, பதினொன்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன். ஓடவிட்டேன்.

நாலு சுரம் வந்தது. நின்றது.

தோளில் கிடந்த குழந்தை, கண்ணைத் திறக்காமலே, இருமுகிறவருக்குத் தட்டிக்கொடுப்பது போல அம்மாவின் முதுகில் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.

அடுத்த சுரம் வந்ததும் கை நின்றது.